பெரிய மனிதர்களின் சின்ன வயது

அப்துல் கலாமைச் சிறுவனாக வரையச் சொன்னால் நம் ஓவியர்களில் பலர் முதலில் அந்த முடியைத்தான் வரைவார்கள். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் காது மறையத் தொங்கும் முடி. நரையை மட்டும் கறுப்பாக்கிப் பையன் தலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. காந்தி என்றால் போர்பந்தர் தெருவில் ஓடும் பிள்ளைக்கும் வட்டக் கண்ணாடி. பாரதி என்றால் பால்பல் விழாத வயதிலேயே முண்டாசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராமேசுவரத்தில் பள்ளிக்கூடம் போன எந்தப் பையனும் அப்படி முடி வளர்த்திருக்க மாட்டான். இது வரைகிறவருக்கும் தெரியும், அச்சடிக்கிறவருக்கும் தெரியும். ஆனால் கடையில் நிற்கும் அப்பாவுக்கு அட்டையைப் பார்த்ததும் ‘இது கலாம்’ என்று புரிய வேண்டும். காசு கொடுப்பவர் அவர்தானே.

நான் இருப்பது இந்தத் தொழிலில். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்கு வரைகிறேன். அதிலும் பெரிய மனிதர்களின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் புத்தகங்கள்தான் அதிகம் வந்து சேர்கின்றன. பள்ளி நூலகத்துக்கு வாங்குவார்கள், ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கு மாமா வாங்கி வருவார். பேய்க்கதை, ராஜா ராணிக் கதையை விட இது உருப்படியான புத்தகம் என்று பெரியவர்களுக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் இருக்கும்வரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். தெருவில் நடந்தால் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கும், முன்பு கேட்ட அளவுக்கு இல்லை. அப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டவர். கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிரப்பி பார்டரும் முந்தியும் வரைவார். அதைப் பார்த்து ஜக்கார்டுக்கு அட்டை குத்துவார்கள். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே போகும், இல்லாத இடத்தில் போகாது, அவ்வளவுதான். கட்டத்தில் வளைவு என்பதே கிடையாது. அன்னத்தின் கழுத்து படிப்படியாகத்தான் இறங்கும். புடவையான பிறகு நாலடி தள்ளி நின்று பார்த்தால் அதே கழுத்து வளைந்து நிற்கும். எதை நிரப்புவது என்பதைவிட எந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது என்பதற்குத்தான் அப்பா அதிக நேரம் எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் டிசைன் வந்தபின் அந்த வேலை எங்கள் வீட்டை விட்டுப் போனது. நான் பென்சிலை எடுத்துக்கொண்டு புத்தகங்களின் பக்கம் வந்துவிட்டேன்.

படப் புத்தகம் 16 பக்கம், 24 பக்கம், 32 பக்கம் என்றுதான் வரும். அச்சகத்தின் பாரக் கணக்கு அப்படி. ஒரு மனிதரின் பிள்ளைப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். எழுதுகிறவர் கதையை அனுப்பும்போதே கடைசிப் பக்கம் முடிவாகியிருக்கும். பிள்ளை வளர்ந்து நமக்குத் தெரிந்த ஆளாக நிற்பார். அந்தக் கடைசிப் பக்கம் அதற்கு முந்தைய எல்லாப் பக்கங்களையும் கெடுத்துவிடுகிறது என்பது என் நெடுநாள் புகார். பையன் வானத்தைப் பார்த்தால் விஞ்ஞானி ஆகப் போகிறான். காக்கைக்குச் சோறு போட்டால் கவிஞன். திண்ணையில் ஏறி நின்று கத்தினால் தலைவன். காக்கைக்குச் சோறு போடாத பிள்ளை யார்? திண்ணையில் ஏறிக் கத்தாத பிள்ளைதான் எது?

பொய்யும் இதில் சேர்ந்துகொள்ளும். ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை நம்மூர் நீதிபோதனை வகுப்பு வரைக்கும் வந்திருக்கிறது. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்த மரம் முளைத்தது. அதற்கு முன்னால் அதற்கு வேரே இல்லை. பொய் சொல்லாத பிள்ளையைப் பற்றி ஒரு பொய். காந்தி விஷயத்தில் நேர்மாறு. திருட்டுத்தனமாக இறைச்சி தின்றதையும், அண்ணனின் கைக்காப்பிலிருந்து தங்கம் வெட்டி எடுத்ததையும் அவரே சுயசரிதையில் எழுதிவைத்துவிட்டுப் போனார். படப் புத்தகங்களில் அவர் அரிச்சந்திர நாடகம் பார்த்தது வரும். இறைச்சி வராது. ஒரு முறை அந்தப் பக்கத்தை வரைந்து காட்டினேன். ஆட்டிறைச்சி தின்ற இரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். படுத்திருக்கும் பையனும் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆடுமாக வரைந்திருந்தேன். பதிப்பகத்தில் எல்லோரும் சிரித்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள்.

இந்த வகைப் புத்தகம் எனக்கு முதலில் அறிமுகமானது அழ. வள்ளியப்பாவின் ‘சின்னஞ்சிறு வயதில்’ மூலம். வங்கியில் வேலை பார்த்தபடியே குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தவர், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். பெரியவர்களின் வாழ்க்கையைப் பெரிய வார்த்தைகள் இல்லாமல் சொல்லும் அந்த நடை இன்றைக்கும் எழுதுகிறவர்களுக்குக் கைவர மாட்டேன் என்கிறது. இப்போது உலகம் முழுக்க இந்த வகைக்கு நல்ல சந்தை. ஸ்பெயினில் 2014-ல் தொடங்கிய ஒரு வரிசை பல மொழிகளில் விற்கிறது. யாராக இருந்தாலும் பெரிய தலை, சின்ன உடம்பு, கன்னத்தில் சிவப்பு. பெயரை மூடிவிட்டுப் பார்த்தால் ஆள் யாரென்று சொல்ல உடையைத்தான் நம்ப வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. பேத்திக்கு வாங்கித் தராமலும் இல்லை.

ராமானுஜன் விஷயத்துக்கு வருகிறேன். கணிதமேதை என்றதும் எல்லோருக்கும் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு நினைவுக்கு வரும். பிறந்தது 1887-ல், ஈரோட்டில், தாத்தா பாட்டி வீட்டில். காஞ்சிபுரத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. தாய்வழித் தாத்தாவின் குடும்பம் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அம்மா கோமளத்தம்மாள் பிள்ளையை இங்கே அழைத்து வந்திருக்கிறார். பிள்ளை மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பயம். தரையில் அரிசியைப் பரப்பி, தாத்தா பையனின் கையைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார் என்று ராபர்ட் கனிகல் 1991-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. கொஞ்ச நாளில் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது.

ராமானுஜனைப் பற்றி நல்ல படப் புத்தகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2020-ல் எமி அல்ஸ்னவர் எழுதி டேனியல் மியாரெஸ் படம் போட்டது ஒன்று. சென்னையில் துலிகா வெளியிட்ட, பிரியா நாராயணன் எழுதி சாத்விக் கடே வரைந்தது இன்னொன்று. என்னிடம் ஒரு சிறிய பதிப்பகம் ராமானுஜனைக் கொடுத்தபோது, இந்த அரிசியை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். நாளைக்கு எண்களோடு விளையாடப் போகிற ஆள் இன்றைக்கு வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் மேதையைப் பற்றிய எண்ணம் இருந்திருக்காது. பிள்ளை ஊமையோ என்ற கவலைதான் இருந்திருக்கும். அந்தக் கவலையைத்தான் வரைய வேண்டும்.

மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தேன். இரட்டைப் பக்கம் முழுக்க அரிசி. ஓரத்தில் அம்மாவின் புடவை நுனி. நடுவில் இரண்டு கைகள், ஒன்று சுருங்கியது, ஒன்று பிஞ்சு. பாதி எழுதிய ‘அ’. முகமே கிடையாது. இந்தத் தொழிலில் முகம்தான் பெரிய தொல்லை. ராமானுஜனின் புகைப்படங்கள் என்று நாம் பார்ப்பவை அவர் பெரியவரான பின் எடுத்தவை. மூன்று வயது முகத்தை எதிலிருந்து எடுப்பது? முகத்தைக் காட்டாமலே ஒரு பக்கத்தைக் கடந்துவிட்டேன் என்பதில் எனக்கு ரகசிய மகிழ்ச்சி.

அடுத்த பக்கத்தில் சிக்கல் வந்தது. 1889 டிசம்பரில், இரண்டு வயதில், ராமானுஜனுக்குப் பெரியம்மை போட்டிருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்த அம்மைக்குப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போனார்கள், இவர் பிழைத்துக்கொண்டார். தழும்பு தங்கிவிட்டது. ஆகவே எந்தப் பக்கத்தில் முகத்தைக் காட்டினாலும் கன்னத்தில் குழிகள் வைத்தேன். பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. குழந்தைகள் பயப்படுவார்கள், அட்டையிலாவது சுத்தமான முகம் வேண்டும் என்றார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தழும்பு என்றால் என்னவென்று தெரியாது, ஆகவே பயமும் கிடையாது. அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்லிவிட்டுப் போகலாம். என் தெருவிலேயே அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். தறியில் உட்கார்ந்த தாத்தாக்கள், பூ கட்டிய ஆயாக்கள். நானும் பதிப்பகமும் நெடுநேரம் இழுபறி நடத்தினோம். உள்ளே தழும்பு இருக்கட்டும், அட்டையில் பையன் முதுகைக் காட்டி உட்காரட்டும் என்று முடிந்தது. சிலேட்டில் எழுதிவிட்டு முழங்கையால் அழிக்கிற பையனின் முதுகு. அட்டை நன்றாகவே அமைந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம்.

ராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதுகூட ஆகாமல் இறந்துபோனதை எழுத்தாளரும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வேறு ஒரு புத்தகம் வேண்டும். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் புடவைக் கடையில் கணக்கு எழுதினார் என்பதை மட்டும் விடவில்லை. அந்தக் கடையை வரைய எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் இந்த வகைக் கதைக்கு இன்னொரு முன்னோடி இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் என்று வரிசையாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். உள்ளே கருவறையைச் சுற்றி ஒரு திருச்சுற்று, சிங்கத்தூண்கள், சுவர் முழுக்க மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் சிற்பங்கள். பல்லவர் வரலாறு கல்லில் காட்சி காட்சியாக ஓடுகிறது. சில காட்சிகளோடு விளக்கமும் கல்வெட்டாகச் சேர்ந்திருக்கிறது. படமும் எழுத்துமாகப் போகும் இந்தச் சுவரைப் படப் புத்தகம் என்று நான் சொன்னால் தொல்லியல்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ.

அதில் ஒரு பகுதி ஒரு சிறுவனின் கதை. சுமார் 731-ல் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். நாட்டுப் பெரியவர்களும், காஞ்சிக் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்த அறிஞர்களும் பல்லவக் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், உன் பிள்ளைகளில் ஒருவனை எங்களுக்கு அரசனாகக் கொடு என்கிறார்கள். ஸ்ரீமல்லன் மறுக்கிறான். ரணமல்லன் மறுக்கிறான். சங்கிராமமல்லனும் மறுக்கிறான். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன், வயது பன்னிரண்டு, நான் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கு விட மனமில்லை, பிள்ளை ரொம்பச் சின்னவன். பெரியவர்கள் தைரியம் சொல்கிறார்கள். பையன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடி வைக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்.

இந்தச் சிற்பங்களைக் காட்சி காட்சியாகப் படித்துச் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். இந்தியத் தொல்லியல் துறை அவருடைய ஆய்வை 1941-ல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை, அதற்கு முந்தைய ஆண்டே, முப்பத்தைந்து வயதுக்குள், இறந்துபோயிருந்தார். அந்த நூலைப் படித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் சுவர் வேறு மாதிரி தெரியும். மணற்கல் அரித்துப் பல முகங்கள் போய்விட்டன. ஆனாலும் கதை நிற்கிறது. முகம் இல்லாமலே ஒரு பிள்ளையை அடையாளம் காட்ட முடியும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். நிற்கும் இடம், சுற்றியிருப்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்பது, இவை போதும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தக் கோயிலைக் கட்டியவன் அதே நந்திவர்மன். நேர் வாரிசாக இல்லாமல் அரியணைக்கு வந்தவன், தன் சின்ன வயதைத் தன் செலவில் கல்லில் அடிக்கச் சொல்கிறான். நாட்டார்தான் என்னைத் தேடி வந்தார்கள், அண்ணன்மார் வேண்டாம் என்றார்கள், நான் மட்டும் சரி என்றேன் என்று ஊர் பார்க்கச் சொல்கிறான். பாவம் அந்த மூன்று அண்ணன்கள். முடியாது என்று ஒரு முறை சொன்னதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கல்லில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய மனிதரின் பிள்ளைப் பருவக் கதை என்று யார் எதைக் கொடுத்தாலும், இதற்குக் காசு கொடுத்தது யார் என்று நான் ஒரு முறை கேட்டுக்கொள்வேன்.

எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது எனக்குப் பழக்கம். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது அதன் மையத்துக்குப் போனேன். பிறகு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த சின்னச் சின்னப் புத்தகங்கள். அவற்றோடு என் டம்மிகளையும், அதாவது மாதிரிப் புத்தகங்களையும், கொண்டுபோய் வைத்துவிடுவேன். அச்சுக்குப் போகும்முன் பிள்ளைகளிடம் போகாத படத்தை நான் நம்புவதில்லை. பல்லவமல்லனின் கதையைச் சொன்னதும் ஒரு பையன், “பன்னெண்டு வயசுன்னா ஏழாவதுதானே மிஸ்? ஏழாவது படிக்கிறவனையா ராஜா ஆக்கினாங்க?” என்று கேட்டான். பக்கத்திலிருந்தவள் அவன் ஏழாவது ரிப்போர்ட் கார்டை நினைவுபடுத்தினாள்.

நான் படம் போட்ட கலாம் புத்தகத்தை வாசித்தபோது வந்த கேள்விதான் என் வேலையை மாற்றியது. போர்க்காலம். ராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளைத் தள்ளிவிடுவார்கள், உறவினர் சம்சுதீனுக்கு உதவியாகச் சிறுவன் கலாம் அதை எடுத்துக் கொடுப்பார். நான் அதைக் காலை வெயில், கடல் காற்று, பறக்கும் தாள்கள் என்று கொண்டாட்டமாக வரைந்திருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், “அதுக்கு எவ்ளோ குடுத்தாங்க மிஸ்?” என்றாள்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கேட்கிற கேள்வி. காஞ்சிப் பட்டில் கோர்வைப் புடவை என்றால் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம், ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னோர் ஆள். அந்த இன்னோர் ஆள் பல காலம் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். சொந்தப் பிள்ளை இல்லையென்றால் முன்பணம் கொடுத்து அடுத்தவர் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. அதற்குப் பிறகும், 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. இப்போது நிலைமை வெகுவாக மாறிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் இன்று அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவாக, அப்பாவாக இருப்பவர்களில் எத்தனையோ பேர் கோர்வைப் பக்கம் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். சின்ன வயதில் வேலை பார்த்தார், அதனால் பெரிய ஆள் ஆனார் என்று அவர்கள் வீட்டுக்குள் ஒரு புத்தகம் போய்ச் சொன்னால் அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

கலாமின் சுயசரிதையான ‘அக்கினிச் சிறகுகள்’ நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கலாம் கூலியை மறைக்கவில்லை. போர் வந்ததும் புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி, பொறுக்கிக்கொண்டுபோய் மசூதித் தெரு மளிகைக் கடையில் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். மறைத்தது நாங்கள்தான், எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும். அந்தப் பக்கத்தைப் புதிதாக வரைந்தேன். வெயிலைக் குறைத்து, ஒரு உள்ளங்கை, அதில் ஓரணா. கூலி தெரிந்தால் வேலை வேலையாகத் தெரியும்.

இதை எனக்கு முன்பே செய்தவர்கள் இருக்கிறார்கள். நவயானா 2011-ல் வெளியிட்ட ‘பீமாயணா’வில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு ஓவியத்தில் அம்பேத்கரின் சிறுவயதை வரைந்தார்கள். 1901-ல் அப்பாவைப் பார்க்கக் கோரேகான் போகும் பையன், மசூர் ஸ்டேஷனில் இறங்கி வண்டி கிடைக்காமல், இரட்டை வாடகை கொடுத்தும் வண்டிக்காரன் கூட உட்கார மறுத்து, தண்ணீரில்லாமல் இரவெல்லாம் போகிற பயணம். கட்டம் போட்டுக் காட்சிகளை அடைக்கவில்லை. நல்ல பேச்சு பறவை வடிவத்தில் வரும், சுடுசொல் தேள் கொடுக்கோடு வரும். அவமானம் அவமானமாகவே இருக்கிறது, பின்னால் சட்ட அமைச்சர் ஆனார் என்று அதைத் துடைத்துவிடவில்லை. தாரா பதிப்பகம் 2010-ல் கொண்டுவந்த துலாரி தேவியின் புத்தகம் இன்னும் ஒரு படி. பீகாரில் வீட்டு வேலை பார்த்து, பிறகு மிதிலை ஓவியம் கற்றுக்கொண்ட பெண், தன் பிள்ளைப் பருவத்தைத் தானே வரைந்தார். புத்தகம் வந்தபோது அவர் பெரிய பெயர் இல்லை. பத்மஸ்ரீ வந்தது 2021-ல். பெயர் வந்த பிறகு பிள்ளைப் பருவத்தைத் தேடிப் போகும் எங்கள் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் நடந்த காரியம் அது.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வருகிறேன். சி. என். அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குலத்தில் பிறந்தவர். வளர்த்தவர் சித்தி ராஜாமணி அம்மாள், அவரை அண்ணா ‘தொத்தா’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணாவின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே அழைத்துப்போகப்படுவார்கள். எனக்கு வந்த கதையில் அண்ணா ஐந்து வயதிலேயே தெருவில் கூட்டம் கூட்டிப் பேசினார். ஆதாரம் என்ன என்று எழுதியவரைக் கேட்டேன். “அண்ணான்னா பேச்சுதானேம்மா” என்றார். நல்ல மனிதர், சொன்னதும் அதை எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் வைக்கச் சொன்னது நகராட்சி அலுவலகம். வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்பை விட்டு அங்கே எழுத்தராகச் சேர்ந்தார் அண்ணா. 1928-ல்தான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். தலைவர் புத்தகத்தில் இது தேவையா என்று தயங்கினார்கள். குள்ளமான ஒரு பையன், தனக்குப் பெரிதாக இருக்கும் மேசை, மைக்கூடு, தலைக்கு மேலே அடுக்கிய பேரேடுகள், ஜன்னலுக்கு வெளியே புத்தகத்தோடு போகிற பழைய கூட்டாளிகள் என்று வரைந்தேன். பிள்ளைகளிடம் டம்மியைக் காட்டினேன். ஒன்பதாவதில் இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வராமல் ஜவுளிக் கடையில் நின்றுகொண்டிருந்த ஒரு பையன், தம்பியை அழைத்துப்போக வந்தவன், நின்று அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தான். “அப்பறம் எப்டி மறுபடி சேத்துக்கிட்டாங்க?” என்று கேட்டான். முதலமைச்சர் ஆனதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்ன பதிலில் அவனுக்கு எவ்வளவு உபயோகம் இருந்ததோ தெரியாது, அவனுடைய வகுப்பாசிரியரிடம் பேசிவைத்தேன்.

கடைசிப் பக்கத்தை என்ன செய்வது என்பதற்கு இன்னும் எனக்கு முழு விடை கிடைக்கவில்லை. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலின் சிறுவயதைப் பற்றி பாட்ரிக் மெக்டானல் 2011-ல் செய்த புத்தகத்தில், பொம்மைக் குரங்கோடு தூங்கப் போகும் சிறுமி அடுத்த பக்கத்தில் பெரியவளாக எழுகிறாள், இறுதியில் ஓவியம் போய் நிஜப் புகைப்படம் வருகிறது, ஒரு சிம்பன்சிக் குட்டிக்கு அவர் கை நீட்டுகிறார். மெக்டானல் செய்தது எடுபடுகிறது. எல்லோருக்கும் எடுபடாது. அண்ணா புத்தகத்தில் கோட்டையைப் போடாமல் கல்லூரிக்குப் போகிற ரயிலோடு நிறுத்தினேன். மீதியைத்தான் ஊரில் எல்லாச் சிலைகளும் சொல்கின்றனவே.

கூலியைப் பற்றி இவ்வளவு பேசியவள் என் கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரே தொகையாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ராயல்டி தருகிறவர்கள் குறைவு. அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே தேட வேண்டும். படப் புத்தகத்தில் பாதிக்கு மேல் படம் என்பதை இன்னமும் வாதாடிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் காஞ்சிபுரத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணா சிறுவனாக இருந்த காலத்துக் காஞ்சிபுரத்தை வரைய உட்கார்ந்தால் கோபுரங்களின் பழைய புகைப்படங்கள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. குழித்தறி போட்ட வீட்டின் உள்பக்கம் எப்படி இருந்தது, திண்ணைத் தூண் எந்த மரம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் மேலே சட்டை போட்டார்களா துண்டா என்று பார்க்கத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. அதெல்லாம் உங்கள் வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கல்யாணப் படம், வகுப்புக் குரூப் போட்டோ, கடை திறந்த அன்று எடுத்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது இவைதான் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்து, ஊர் நூலகத்திலோ உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலோ கொடுத்துவையுங்கள்.